நூலகத்துப் புத்தகத்தைக் கைத்தொலைபேசியில் இரவல் கொடுக்கலாமா?

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பொது நூலகராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் தரப்படுகிறது.)



நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். அதை என்னைவிட அழகாகச் செய்யக்கூடியவர்கள் மாலைவரை வரிசையில் இருக்கிறார்கள். செயற்குழு என்னிடம் தந்தது ஒரு கேள்வி. நம் பாடசாலை நூலகத்தில் இருக்கும் மலையகப் புத்தகங்களையும், சங்கத்தின் பழைய மலர்களையும் ஸ்கேன் செய்து, வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவிகளுக்கும் தோட்டங்களில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்கும் கைத்தொலைபேசியில் வாசிக்கக் கொடுக்கலாமா என்பதே அது.

செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பற்றி இரண்டு கட்சி இருந்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரு கட்சி, "இதில் என்ன இருக்கிறது, ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம், நல்ல காரியம்தானே" என்றதாம். மற்றக் கட்சி, "பதிப்புரிமை என்று ஒன்று இருக்கிறது, வழக்கு வரும், அலுமாரியைத் திறக்கவே வேண்டாம்" என்றதாம். இரண்டு பக்கத்திலும் என் சிநேகிதிகள் இருக்கிறார்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. முதற்கட்சி எழுதியவரை மறந்துவிட்டது. இரண்டாம் கட்சி வாசிப்பவரை மறந்துவிட்டது. நூலகர் என்பவள் இந்த இருவருக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள். ஆகவே நடுவில் இருந்தே பேசுகிறேன்.

முதலில் காகிதப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். நூலகம் ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், அந்தப் பிரதி நூலகத்தினுடையது. அதை யாருக்கும் இரவல் கொடுக்கலாம், பழசானால் விற்கலாம், இன்னொரு பாடசாலைக்கு அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். எழுத்தாளரிடம் போய்க் கேட்கவேண்டியதில்லை. நாம் சிறுமிகளாக இருந்தபோது ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மா வாசித்து, பக்கத்து லயத்து அக்கா வாசித்து, அட்டை கிழிந்து திரும்பி வந்தது எல்லாம் சட்டப்படி சரியான காரியமே. அட்டை கிழிந்ததற்குத் தண்டப்பணம் கட்டினோம். அது வேறு.

கைத்தொலைபேசியில் கொடுப்பது அப்படியல்ல. நான் உங்களுக்கு ஒரு கோப்பை அனுப்பினால் என்னுடையது என்னிடமே இருக்கிறது, உங்களிடம் இன்னொன்று பிறக்கிறது. நீங்கள் பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பிறக்கின்றன. பேச்சில் இரவல் என்று சொல்கிறோமே தவிர, நடப்பது பிரதி எடுத்தல். பிரதி எடுக்கும் உரிமையோ எழுதியவரிடம் இருக்கிறது. முழுச் சிக்கலும் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது.

நம் நாட்டில் இதை ஆளுவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. கடைசி ஆண்டின் டிசம்பர் 31 ஆம் திகதி வரை கணக்கு. பெயர் போடாமல் அல்லது புனைபெயரில் வெளிவந்து, எழுதியவர் யாரென்று தெரியாத ஆக்கங்களுக்கு முதலில் வெளிவந்த நாளில் இருந்து 70 ஆண்டு.

இந்தச் சட்டம் நூலகங்களுக்கு எதுவுமே தரவில்லை என்று நினைக்காதீர்கள். 11 ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டைப் பற்றிப் பேசுகிறது. விமர்சனம், செய்தி, படிப்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கு அளவோடு எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. வகுப்பறைத் தேவைக்குப் பல பிரதிகள் எடுப்பதும் அதற்குள் பேசப்படுகிறது. ஆசிரியைமார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு சிறுகதையை வகுப்புக்காக முப்பது பிரதி எடுக்கும்போது திருடியைப் போலச் சுற்றுமுற்றும் பார்க்கவேண்டியதில்லை. 12 ஆம் பிரிவு நூலகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் இலாப நோக்கில்லாதவரை நம்புகிறது. ஒருவர் தன் படிப்புக்காகக் கேட்டால் ஒரு கட்டுரையையோ சிறு பகுதியையோ பிரதி எடுத்துக் கொடுக்கலாம். நூலகத்துப் புத்தகம் தொலையும், அழியும் நிலையில் இருந்தால், நியாயமான முறையில் வேறு பிரதி வாங்க முடியாதபோது, அதைக் காப்பாற்றுவதற்கு ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். இன்னொரு நூலகத்தில் அழிந்துபோனதை ஈடுசெய்யவும் எடுத்துக் கொடுக்கலாம்.

ஒரு பிரதி. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது போட்டோக் கொப்பி இயந்திரம். வாட்ஸ்அப் குழு அவர்கள் கனவிலும் இல்லை.

நான் கடமையில் இருந்தபோது ஒரு மாணவி வந்தாள். மடுல்சீமைப் பக்கத் தோட்டம். இரண்டு பஸ் மாறி வருவாள். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு, மலையகச் சிறுகதை பற்றி ஆய்வு. அவளுக்கு வேண்டிய தொகுதி அச்சில் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரே பிரதி, அதுவும் இரவல் கொடுக்காத பகுதியில். முழுவதையும் பிரதி எடுத்துத் தரும்படி கேட்டாள். இரண்டு கதைகளை எடுத்துக் கொடுத்தேன். மிச்சத்தை நாலு நாள் வந்து உட்கார்ந்து கையால் எழுதினாள். நாலு நாள் பஸ் காசு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. என் பக்கத்தில் சட்டம் இருந்தது, அவள் பக்கத்தில் நியாயம் இருந்தது. இந்த இரண்டும் ஒரே பக்கத்துக்கு வருவதற்கு வழி இருக்கிறதா என்று அப்போது தொடங்கிய யோசனையின் விளைவுதான் இன்றைய பேச்சு.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்து பார்த்தார்கள் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு ஒரு முறையைக் கையாண்டது. நூலகத்திடம் காகிதத்தில் ஒரு பிரதி இருந்தால், அதை ஸ்கேன் செய்து, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் திரையில் இரவல் கொடுப்பது. தவணை முடிந்ததும் கோப்பு தானாகப் பூட்டிக்கொள்ளும். காகிதப் பிரதி அலுமாரியில் இருக்கும், வெளியே போகாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் நூலகங்கள் மூடப்பட்டபோது, அந்த 'ஒருவருக்கு ஒன்று' என்ற கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் நான்கு பெரிய பதிப்பகங்கள், ஹாஷெட், ஹார்ப்பர் கொலின்ஸ், வைலி, பெங்குயின் ராண்டம் ஹவுஸ், 127 புத்தகங்களைக் காட்டி வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் நியூயோர்க் நீதிமன்றம் பதிப்பகங்களின் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கட்டுப்பாட்டை நீக்கியது மட்டும் பிழை என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒருவருக்கு ஒன்றாகக் கொடுத்தாலும், பதிப்பகத்தார் மின்னூலாக விற்கும் ஒரு புத்தகத்தின் சந்தையைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்றார்கள். இலட்சக்கணக்கான புத்தகங்கள் அந்த இரவல் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டன.

ஐரோப்பாவில் வேறு காற்று அடித்தது. நெதர்லாந்து நூலகங்கள் தொடர்பான வழக்கில், 2016 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்ற முறையில் மின்னூலைக் கொடுப்பதையும் நூலக இரவல் என்று கருதலாம் என்றது. ஆனால் எழுத்தாளருக்கு அதற்கான பங்கு போகவேண்டும். பிரித்தானியாவில் இருக்கும் தங்கைமாருக்குத் தெரிந்திருக்கும், அங்கே நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் போகும்போது எழுத்தாளருக்குச் சிறு தொகை அரசிடம் இருந்து கிடைக்கும். அதற்கான சட்டம் 1979 இல் வந்தது. மின்னூல் இரவலுக்கும் 2018 இல் விரிவாக்கினார்கள்.

இலங்கைக்கு அமெரிக்கத் தீர்ப்பும் கட்டாயமில்லை, ஐரோப்பியத் தீர்ப்பும் கட்டாயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அமெரிக்க நீதிபதிகளின் முக்கியக் காரணம், அந்தப் புத்தகங்கள் மின்னூலாக விற்பனையில் இருந்தன என்பது. நம் அலுமாரியில் இருப்பவை எவை? பெரும்பாலும் ஒரேயொரு பதிப்பு கண்டவை. எழுதியவரே மனைவியின் நகையை அடகு வைத்து ஐந்நூறோ ஆயிரமோ அடித்து, அரைவாசியைத் தெரிந்தவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. விற்பனை என்று ஒன்று இருந்தால்தானே அது கெடுவதற்கு? லண்டன், நியூயோர்க் பதிப்பகங்களின் சண்டையை அப்படியே பதுளைக்குக் கொண்டுவந்து பயப்படுவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியென்றால் போட்டுவிடலாமே என்று முதற்கட்சி எழும்பக்கூடும். கொஞ்சம் பொறுங்கள்.

அலுமாரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1869 இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' போன்றவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. கோப்பித் தோட்டக் காலத்துப் புத்தகம் அது. நம் பதுளை மண்ணைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் 'கூலித்தமிழ்' என்ற ஆய்வுநூலில் இப்படிப்பட்ட மறந்துபோன புத்தகங்களைப் பற்றி விரிவாக எழுதினார். அதைப் படிக்காதவர்கள் படியுங்கள். கோ. நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். எழுபதைக் கூட்டினால் 2017. ஆகவே அவர் எழுத்துகள் எல்லோருக்கும் பொது. ஸ்கேன் செய்யலாம், அச்சிடலாம், பிள்ளைகள் நாடகமாகப் போடலாம். யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை 1984 இல் காலமானார். அவருடைய பதிப்புரிமை 2054 முடியும் வரை உண்டு. நம் ஊவாவின் பிள்ளை தெளிவத்தை ஜோசப், பதுளை ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு கட்டிக்கொண்டவர், 2022 ஒக்டோபரில் காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2092. பின்னால் நிற்கும் தரம் 6 பிள்ளைகளுக்கு அப்போது எண்பது வயது நெருங்கியிருக்கும். 'நாமிருக்கும் நாடே' வந்தது 1979 இல். அந்தப் பதிப்பின் ஒரு பிரதி இன்னும் எழுபது வருடம் பதுளை மழையிலும் கறையானிலும் தாக்குப்பிடித்து நிற்குமா? சட்டம் புத்தகத்தைவிட நீண்ட ஆயுளோடு இருக்கிறது.

நாட்டார் பாடல்கள் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து மலையில் பாடியது யாருக்குச் சொந்தம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்தச் சட்டத்தின் 24 ஆம் பிரிவில் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. வணிகத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினால் அனுமதி வேண்டும். உங்கள் பாட்டி பாடியதை நீங்கள் பாடுவதற்கு யாரும் கேட்கமாட்டார்கள். அதைத் தொகுத்து விளக்கம் எழுதியவருக்கு அந்தத் தொகுப்பிலும் விளக்கத்திலும் உரிமை உண்டு. பாட்டு வேறு, புத்தகம் வேறு.

சரி, வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன குறை? பணத்தை விட்டுவிடுங்கள். நான் இந்த நாலைந்து வருடத்தில் குழுக்களில் சுற்றிவரும் மலையகப் புத்தகக் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அட்டை இல்லை. எழுதியவர் பெயர் இருக்கும் பக்கம் இல்லை. எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம் தெரியாது. நடுவில் எட்டுப் பக்கம் காணாது. ஒரு கோப்பில் கதைத்தொகுதி ஒன்றும் வேறு யாரோ எழுதிய கட்டுரையும் ஒட்டிக் கிடந்தன. சட்டத்தின் 10 ஆம் பிரிவு எழுதியவருக்கு ஒரு தார்மீக உரிமையைத் தருகிறது, தன் பெயர் தன் எழுத்தோடு இருக்கவேண்டும் என்ற உரிமை. விலைக்கு வாங்கவோ விற்கவோ முடியாத உரிமை அது. நூறு வருடமாகக் கைநாட்டுக் கூலிகள் என்று எழுதப்பட்ட ஒரு சனத்தில் இருந்து ஒருவர் எழுதிப் புத்தகம் போட்டார். அவர் பெயர் இருக்கும் பக்கத்தை நாமே கிழித்துவிட்டு அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றுகிறோமா?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பாரதியாரின் எழுத்துகளின் உரிமை பல கைகள் மாறிப் போய், ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. திரைப்படத்தில் ஒரு பாட்டைப் பயன்படுத்தியதற்காகத் தகராறு எழுந்து, பொதுமக்கள் குரல் கொடுத்து, 1949 இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் உரிமையை வாங்கி நாட்டுடைமை ஆக்கியது. அதன் பிறகு பல எழுத்தாளர்களின் நூல்களை அப்படி ஆக்கியிருக்கிறார்கள், குடும்பத்துக்கு ஒரு தொகையும் கொடுத்து. அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கவேண்டும், அதற்கு அரசாங்கத்துக்கு மனம் வேண்டும். மலையக எழுத்தாளர்களுக்கு இங்கே அது நடக்கும்வரை காத்திருப்பது, லயத்துக்குப் பதில் வீடு வரும் என்று காத்திருப்பதைப் போலத்தான்.

நான் சொல்லும் வழிக்கு அரசாங்கம் வேண்டாம். நம்மவர்கள் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் என்று ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் இன்று அங்கே இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த நாட்டில், அப்படி ஒன்று எழும்பியது சாதாரண காரியமில்லை. உரிமை முடியாத நூல்களுக்கு அவர்கள் எழுத்தாளரிடமும் பதிப்பாளரிடமும் அனுமதி கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள். தன் புத்தகத்தை யாராவது வாசிக்கமாட்டார்களா என்று ஏங்காத மலையக எழுத்தாளரை நான் சந்தித்ததில்லை. அவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அனுமதி என்றால் பெரிய சட்டப் பத்திரம் வேண்டாம். புத்தகத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை, இலாப நோக்கமில்லாமல் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வாசிக்கக் கொடுக்கச் சம்மதிக்கிறேன், என் பெயரும் முழுப் புத்தகமும் அப்படியே இருக்கவேண்டும், கையெழுத்து, திகதி. ஒரு தாள். பின்னொரு காலத்தில் பதிப்பகம் ஒன்று மறுபதிப்புப் போட வந்தால் அந்த உரிமை அவரிடமே இருக்கும்.

எழுத்தாளர் காலமாகியிருந்தால் வாரிசுகளிடம் கேட்கவேண்டும். பிள்ளைகள் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரும் கையெழுத்து வைப்பதுதான் பாதுகாப்பு. ஒருவர் கண்டியில், ஒருவர் கனடாவில், ஒருவர் கோபத்தில். காணி உறுதி எழுதுவதைப் போலத் தோன்றும். அதனால்தான், எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்று ஒரு கையெழுத்தோடு முடிவதற்குப் பத்து வருடத்தின் பின் பத்துக் கையெழுத்துத் தேவைப்படும்.

இப்போது நம் சங்க மலர்களுக்கு வருகிறேன். நான் இன்று பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். சங்கம் பொறுப்பேற்றுத் தொகுத்து வெளியிட்ட மலரைச் சட்டம் கூட்டு ஆக்கம் என்று பார்க்கும். அதற்கு வெளிவந்த ஆண்டில் இருந்து 70 ஆண்டு. 1950 இல் வந்த மலர் 2020 முடிவோடு விடுதலை பெற்றது. அதற்குப் பிந்தியவற்றுக்கும் மலர் என்ற வகையில் உரிமை சங்கத்திடம். நம் அலுமாரிச் சாவி நம்மிடமே இருக்கிறது. ஆனால் உள்ளே தன் பெயர் போட்டுக் கட்டுரையோ கவிதையோ எழுதியவருக்குத் தனியே ஓர் உரிமை பேசப்படலாம். சட்டம் எப்படி இருந்தாலும் கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை.

யாரைக் கேட்பது? இங்கேதான் பெண்கள் பாடசாலைக்கு மட்டும் உள்ள ஒரு வில்லங்கம். ஆண்கள் கல்லூரியில் 1962 இல் எழுதிய பெயரும் 2002 இல் மரண அறிவித்தலில் வரும் பெயரும் ஒன்றாகவே இருக்கும். நம் மலரில் 'செல்வி க. இராஜேஸ்வரி, க.பொ.த. வகுப்பு' என்று இருக்கும். உதாரணத்துக்குச் சொல்கிறேன், அந்தப் பெயரில் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவேண்டும். அந்தச் செல்வி கலியாணம் முடித்துத் திருமதி ஆகி, தலைப்பெழுத்து மாறி, ஊர் மாறி, சிலர் நாடும் மாறிவிட்டார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு எத்தனை குடும்பம் ரயிலேறி, கப்பலேறி, நீலகிரியிலும் திருச்சியிலும் போய் இறங்கியது! பள்ளிக்கூடத்துக் கொப்பியும் மலரும் தகரப் பெட்டிக்குள் போயின. 1983 ஜூலையில் பதுளை நகரத்தில் தமிழரின் வீடும் கடையும் எரிந்தபோது வேறு பலர் வெளிநாடு போனார்கள். எந்த நூலகரும், எந்தச் சட்டத்தரணியும், எந்தக் கணினியும் இந்தப் பெண்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

உங்களால் முடியும். "இராஜேஸ்வரியா? அவள் பசறைக்குக் கலியாணம் முடித்துப் போனவளல்லவா, மகள் டொரொண்டோவில்" என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் குறைந்தது இருபது பேர் இருக்கிறீர்கள். கன்னிப் பெயரையும் கலியாணப் பெயரையும் ஒன்றாக வைத்திருக்கும் பதிவேடு உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தால், அது பழைய மாணவியர் சங்கத்தின் அங்கத்தவர் கொப்பிதான். பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத ஆக்கங்களை அநாதை ஆக்கங்கள் என்பார்கள். உலகத்துப் பெரிய நூலகங்களுக்கே அது பெரிய தலையிடி. நம் மலர்களில் அநாதைகள் இல்லை. அக்காமார்தான் இருக்கிறார்கள்.

பெண்கள் எழுதியது சீக்கிரம் மறைந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். நடேசய்யரை எல்லோருக்கும் தெரியும். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கூட்டம் கூட்டிய மீனாட்சி அம்மாளின் பாட்டுப் புத்தகம் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' எத்தனை பேருக்குத் தெரியும்? மேடையில் பாடிய ஒருவருக்கே இந்தக் கதி. பாடசாலை மலரில் ஒரு பக்கம் எழுதியவளுடைய எழுத்து வேறு எங்கும் இருக்காது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர்களைத்தான் எண்ணினோம், எண்ணவேண்டியதும் அதைத்தான். ஆனால் ஒரு லயத்தறையில் ஒரு பெட்டி இருக்கும், பெட்டிக்குள் கடிதங்களும் கொப்பிகளும் பரிசுப் பத்திரங்களும் இருக்கும். நம்முடைய ஆவணக் காப்பகம் அந்தப் பெட்டிதான்.

ஆகவே என் யோசனை இது. பாதுகாப்புக்காக ஸ்கேன் செய்வதை நாளைக்கே தொடங்குங்கள். அழியும் நிலையில் இருக்கும், வேறெங்கும் வாங்க முடியாத புத்தகத்துக்கு அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. உரிமை முடிந்தவற்றையும் நம் பழைய மலர்களையும் திறந்து விடுங்கள். மற்றவற்றுக்கு அனுமதிக் கடிதம் வரும்வரை கோப்பு நூலகத்துக் கணினியில் இருக்கட்டும், ஒரு குழுவிலும் போடவேண்டாம். கடிதம் வந்ததும் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நம் பாடசாலைக் கணினி பழுதாகும், அங்கே இருந்தால் பிழைக்கும். தோட்டத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது கோப்பின் கனத்தைக் குறைத்துக் கொடுங்கள். நமுனுகுலைப் பக்கம் சில மேடுகளில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். டேட்டாக் கார்ட்டுக்குக் காசு கொழுந்துக் கிலோவில் இருந்துதான் வருகிறது.

பார்வை குறைந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அவர்களுக்கு வாசிக்கக்கூடிய வடிவில் புத்தகத்தை மாற்றிக் கொடுப்பதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016 இல் இணைந்தது. அதற்கேற்ப 2022 இல் நம் சட்டமும் திருத்தப்பட்டது. நம்மிடையே கண் மங்கிய மூத்த அக்காமார் பலர் இருக்கிறார்கள். ஒலிப் புத்தகம் வாசித்துப் பதிவுசெய்ய இன்றைய மாணவிகளுக்கு நல்ல குரல் இருக்கிறது. இதை எந்த முறையில் செய்யலாம் என்று அதிபரோடு தனியாகப் பேசுகிறேன்.

அனுமதிப் படிவம் நூறு அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். மண்டபத்து வாசலில், தேநீர் மேசைக்கு இடப்பக்கம் இருக்கிறது. மலரில் ஒரு பக்கமாவது எழுதியவர்கள் போகுமுன் ஒன்றை நிரப்பிக் கொடுங்கள், கன்னிப் பெயரையும் எழுதுங்கள். அப்பா, தாத்தா, மாமா யாராவது புத்தகம் போட்டிருந்தால் இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சகோதரங்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். இந்த உரையை மலரில் வாசிக்கும் வெளிநாட்டுத் தங்கைமாருக்குச் செயலாளர் படிவத்தை அனுப்புவார், கேட்டு எழுதுங்கள். படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்கள் வகுப்பில் எழுதக்கூடியவள் யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் அங்கே எழுதிவிடுங்கள். பேனை வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது.